ஏனோக்குக்குக் கிடைத்த ஒப்புதல்

சாம்ராஜ் செத்துப்போனான் என்பதில், தங்கச் சுரங்கத்துத் தொழிலாளர்கள் குடியிருந்த ஸ்கெலட்டன் லைன் வீடுகளில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பதாம் வருஷம், ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் ஷிப்டில், ஆயிரத்து இருநூறு அடி ஆழத்து லெவலில் மேல்பாறை சரிந்துவிட்டது. அங்கே வேலையில் இருந்தவர்கள் பதினொரு பேர். நான்கு நாள் தோண்டி ஒன்பது உடல்களைக் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏற்றி மேலே கொண்டுவந்தார்கள். ஐந்தாம் நாள் பாறை மறுபடியும் அசைந்தது. தோண்டப் போனவர்கள் உயிரோடு திரும்பியதே பெரிய விஷயமாகிவிட்டது. அந்தப் பக்கத்தையே கல்லும் மரமும் வைத்து அடைத்துவிட்டார்கள். அடைப்புக்கு அந்தப்புறம் இரண்டு பேர் தங்கிப்போனார்கள். ஒருவன் கோவிந்தன். இன்னொருவன், பாறையில் துளை போடும் மிஷின் பிடிக்கிற சாம்ராஜ்.

சாம்ராஜின் தம்பி ஏனோக் அப்போது ஊரில் இல்லை. மலைக்குக் கீழே, வடஆற்காட்டுப் பக்கம் ஒரு ஊரில், மிஷன் வைத்திருந்த வேதசாஸ்திரக் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தான். அவனைப் படிக்க அனுப்பியதே அண்ணன்தான். "வூட்ல ஒருத்தன் கீழ எறங்குனா போதும்டா. நீ வெளிச்சத்துல நில்லு" என்று சொல்லி ரயிலேற்றிவிட்டான். தந்தி கிடைத்து ஏனோக் வந்து சேர்ந்தபோது அடைப்புச் சுவர் எழும்பி இரண்டு நாளாகியிருந்தது.

கோவிந்தன் வீட்டார் அதிகம் யோசிக்கவில்லை. பேத்தமங்களாவுக்குப் போய், ஆற்றங்கரையில் மாவால் ஓர் உருவம் பிடித்து, அதற்குக் கோவிந்தனின் வேட்டியைச் சுற்றி, தீ வைத்து, தலைமுழுகிவிட்டு வந்தார்கள். அவன் பெண்சாதி பார்வதம்மா ஆறு மாதம் அழுதாள். பிறகு எழுந்து, தண்ணீர் எடுக்கப் போனாள், அக்கம்பக்கத்தில் பேசினாள், ஒருநாள் சிரிக்கவும் செய்தாள்.

சாம்ராஜின் மனைவி குணசுந்தரிக்கு அப்படி ஒரு வழி இல்லை. சபைப் போதகர் ஏசுபாதம் ஐயர் வீட்டுக்கு வந்து ஜெபம் செய்தார், பாட்டுப் பாடினார்கள், எல்லோருக்கும் காப்பி கொடுத்தார்கள். குணசுந்தரி வாசல் வரை அவர் பின்னால் போய்க் கேட்டாள்.

"ஐயரே, அடக்கம் எப்போ பண்ணுவீங்க?"

அவர் கல்நெஞ்சர் இல்லை. கண் கலங்கித்தான் நின்றார். "உடல் இல்லாம, குழி இல்லாம நான் எதம்மா அடக்கம் பண்றது? ஆராதனைப் புஸ்தகத்துல அதுக்கு எடமில்லியே. ஜெபம் பண்ணியாச்சு. கர்த்தர் அறிவாரு" என்றார்.

குணசுந்தரி அழவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகு வந்த இரண்டு வருஷத்திலும் இல்லை. பேச்சு குறைந்தது, உடம்பு இளைத்தது. சாம்ராஜின் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டு மடித்து வைத்தாள். பக்கத்து வீட்டு டெய்சி, மிஷன் பள்ளியில் வாத்தியாரம்மாவாக இருந்தவள், ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "போட ஆளில்லாத சட்டைய எதுக்குத் தோய்க்கிற?" என்று கேட்டதற்கு, "போயிட்டாருன்னு எனக்கு யாரும் சொல்லலியே" என்று பதில் சொன்னாளாம்.

ஏனோக் விடுமுறைக்கு வந்தபோது டெய்சி இதை அவனிடம் சொன்னாள். அன்று சாயங்காலம் அவன் அண்ணியிடம் பேசிப் பார்த்தான்.

"அண்ணி, அண்ணன் கர்த்தர்கிட்ட இருக்காரு. நீங்க நம்பணும்."

"நம்பாம இல்ல தம்பி. ஆனா பார்வதம்மா அழுது முடிச்சிட்டா. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. அவரு எங்க கீறாருன்னு எனக்குத் தெரியும். கீழதான் கீறாரு. அவரு மேல அந்த வார்த்தைங்கள ஒருத்தரு சொல்லிட்டாங்கன்னா நான் அழுதுடுவேன். நீங்க ஐயருக்குத்தான படிக்கிறீங்க? நீங்க கேட்டுச் சொல்லக் கூடாதா?"

எந்த வார்த்தைகள் என்று ஏனோக் கேட்கவில்லை. குழியில் மண்ணைப் போட்டுக்கொண்டே போதகர் சொல்கிற வார்த்தைகள். சுரங்கத்துக் கல்லறையில் அவற்றைக் கேட்டுக் கேட்டு அந்த லைனில் எல்லோருக்கும் மனப்பாடம்.

கல்லூரியில் கடைசி வருஷத்து மாணவன் ஒவ்வொருவனும் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். எழுதுவதற்கு முன் அதன் தலைப்பை ஆசிரியர் சங்கத்திடம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். ஒப்புதல் இல்லாமல் கட்டுரை இல்லை, கட்டுரை இல்லாமல் பட்டம் இல்லை, பட்டம் இல்லாமல் போதகர் ஊழியமும் இல்லை. மற்ற மாணவர்கள் பத்து நிமிஷத்தில் தலைப்பு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஏனோக் பதினெட்டு நாள் யோசித்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்தொன்று ஆகஸ்டில், இப்படி எழுதினான்: "சுரங்கத்தில் மாண்டு உடல் மீட்கப்படாத விசுவாசிகளுக்கு அடக்க ஆராதனை நடத்துவது தகுமா என்பதைப் பற்றிய விசாரணை."

ஒரு வாரத்தில் தாள் திரும்பி வந்தது. மூலையில் சிவப்பு மையில் ஒரே வரி: "பொருள் ஆய்வுக்கு உரியதன்று. வேறு தருக."

ஏனோக் நேரே பர்னபாஸ் ஐயரின் அறைக்குப் போனான். சங்கத்தில் இருந்த மூன்று பேரில் அவர் ஒருவர். மாணவர்கள் மேல் பிரியமானவர், ஆனால் யாரோடும் மோதாதவர். தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"உன் அண்ணன் விஷயம் எனக்குத் தெரியும் ஏனோக். அதனால்தான் சொல்கிறேன். சொந்தத் துக்கத்தை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு முன்னால் போகாதே. ஆதித் திருச்சபையில் நோன்பு என்று எழுதிக் கொடு. நூலகத்தில் நாலு நல்ல புஸ்தகம் இருக்கிறது. நானே எடுத்துத் தருகிறேன்."

"ஐயா, இது எங்க அண்ணன் ஒருத்தருக்காக இல்ல. வருஷா வருஷம் கீழ சாகிறாங்க. எல்லாரையும் மேல கொண்டுவர முடியறதில்ல. அவங்க வூட்டு ஜனங்களுக்குச் சபை என்ன சொல்லணும்? இது வேதசாஸ்திரம் இல்லியா?"

பர்னபாஸ் ஐயர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "நேரில் வந்து பேசுகிறாயா? கேட்டுப் பார்க்கிறேன்" என்றார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். அதைச் செய்தும் கொடுத்தார்.

செப்டம்பர் மாதம் சங்கம் கூடிய அறையில் ஏனோக் நின்றான். நடுவில் கல்லூரித் தலைவரான வெள்ளைக்காரத் துரை. ஒருபுறம் பர்னபாஸ் ஐயர். மறுபுறம் சபைச் சரித்திரம் கற்பிக்கிற ஜெயகரன். ஏனோக் தூங்காமல் தயார் செய்து வைத்திருந்த தாள்களைக் கையில் பிடித்திருந்தான்.

துரை நல்ல தமிழ் பேசுவார், புத்தகத் தமிழ். "நீர் சொல்லும் காரியம் துக்கமானது. ஆனால் அடக்கம் என்றால் உடலை நிலத்துக்கு ஒப்புவிப்பது. உடல் இல்லாத இடத்தில் எதை ஒப்புவிப்பீர்?"

"துரை அவர்களே, உடல் இல்லாத அடக்கத்தை நான் கேட்கவில்லை" என்றான் ஏனோக். "உடல் இருக்கிறது. எந்த ஷாப்டில் இறங்கி, எந்த லெவலில், எத்தனை கஜம் நடந்தால் அந்த அடைப்பு வரும் என்று சொல்வேன். என் அண்ணன் ஏற்கெனவே மண்ணுக்குள்தான் இருக்கிறார். அடக்கம் ஆகிவிட்டது. ஆராதனை மட்டுந்தான் ஆகவில்லை."

பர்னபாஸ் ஐயர் தலையைக் குனிந்துகொண்டார். துரை, "கடலில் மரிக்கிறவர்களுக்கு ஆராதனை உண்டு. ஆனால் அங்கேயும் உடல் எல்லோர் கண்முன்னும் இருக்கிறது. மேலும், நீர் சுரங்கத்து வாசலில் நின்று ஆராதனை நடத்த வேண்டும் என்று எழுதினால், சுரங்கக் கம்பெனியார் உடல்களை மீட்காமல் விட்டார்கள் என்று நாம் பழி சொன்னதுபோல் ஆகும். நம் சபை அங்கே அவர்களுடைய தயவில் நிற்கிறது" என்றார்.

ஜெயகரன்தான் கடைசியாகப் பேசினார். குரலை உயர்த்தவில்லை. "தம்பி, ஆய்வு வேறு, விண்ணப்பம் வேறு. ஆய்வு செய்கிறவனுக்கு விடை என்னவென்று முன்னாலேயே தெரிந்திருக்கக் கூடாது. உனக்குத் தெரியும். நீ எங்களிடம் கேட்பது தலைப்புக்கு ஒப்புதல் இல்லை. ஆராதனைக்கு அனுமதி."

அவர் சொன்னது உண்மை என்று ஏனோக்குக்கே தெரிந்தது. தாள்களை மடித்துக்கொண்டு வெளியே வந்தான்.

அக்டோபரில் முடிவு வந்தது. ஒப்புக்கொண்டார்கள். ஆனால் தலைப்பை மாற்றியிருந்தார்கள்: "அடக்க ஆராதனை முறைகள்: ஒரு சரித்திர நோக்கு." கீழே இரண்டு நிபந்தனைகள். சுரங்கத்தையோ தற்காலச் சம்பவம் எதையுமோ குறிப்பிடக் கூடாது. நடைமுறை மாற்றம் எதையும் சிபாரிசு செய்யக் கூடாது. சம்மதம் என்று கையெழுத்துப் போட ஓர் இடம் விட்டிருந்தார்கள். பர்னபாஸ் ஐயர் பேனாவை மையில் தோய்த்து நீட்டினார். "இதுவரை வந்ததே பெரிசு அப்பா. போடு." ஏனோக் கையெழுத்துப் போட்டான்.

அன்றைக்கே ஊருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தான். அண்ணி மூன்று மாதமாக டெய்சியை விட்டு, "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று எழுதச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடந்ததை அப்படியே எழுதத்தான் நினைத்தான். தலைப்பிலிருந்து சுரங்கத்தை அடித்துவிட்டார்கள், அண்ணனை அடித்துவிட்டார்கள் என்று எழுதக் கை வரவில்லை. இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மூன்றாவது தாளில், "நம்முடைய காரியத்தைச் சங்கத்தில் ஒப்புக்கொண்டார்கள். மற்றவை நேரில்" என்று எழுதி ஒட்டிவிட்டான். பொய் ஒன்றும் எழுதவில்லை என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான்.

ஜனவரி முதல் வாரம் அவன் ஊருக்கு வந்து சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் இறங்கியபோது டெய்சி காத்து நின்றாள். வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள்.

"அண்ணி எங்க டீச்சரம்மா?"

"வூட்ல கீறாங்க. எல்லாரும் வந்துட்டாங்க. இன்னைக்கு ஞாயித்துக்கெழம, ஷிப்டு இல்லாதவங்க நெறைய பேரு. பார்வதம்மாகூட வந்திருக்கு. ஏசுபாதம் ஐயரு பெங்களூருக்குப் போயிட்டாரு. அவரு இல்லாட்டி பரவால்ல, சங்கத்துலயே ஒத்துக்கினாங்க, தம்பியே நடத்தலாம்னு சொல்லிட்டாங்க உங்க அண்ணி."

தன் கடிதத்தை எப்படிப் படித்திருக்கிறார்கள் என்று ஏனோக்குக்குப் புரிந்தது. டெய்சியின் பின்னால் நடந்தான். வீட்டு வாசலில் நாற்பது பேர் இருந்தார்கள், எல்லோரும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். குணசுந்தரி உள்ளேயிருந்து வந்தாள். தலைக்குக் குளித்திருந்தாள். மடித்த சட்டைகளை எல்லாம் ஒரு துணியில் கட்டி யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தாள். இரண்டரை வருஷமாக அவள் முகத்தில் இல்லாத ஒன்று இப்போது இருந்தது. அவள் கீழுதடு நடுங்கிக்கொண்டிருந்தது, அழப்போகிற குழந்தைக்கு நடுங்குவதுபோல.

"வாங்க தம்பி. உங்களாலதான் ஆச்சு. எங்க வச்சிப் பண்றதுன்னும் நானே யோசிச்சிட்டேன். கீழேர்ந்து எடுத்த கல்ல மில்லுல அரைச்சி, தங்கம் எடுத்துக்கினு, மிச்ச மண்ண மேட்டுல கொட்டுறாங்க இல்ல? அது அவரு கீற எடத்து மண்ணுதான? அங்க போலாம்."

அப்போதே சொல்லியிருக்கலாம். அண்ணி, அவங்க ஒத்துக்கினது இது இல்ல என்று ஐந்து வார்த்தை. ஏனோக் அந்த நடுங்குகிற உதட்டைப் பார்த்தான். "புஸ்தகம் எடுத்துக்கினு வரேன் அண்ணி" என்றான்.

மில்லிலிருந்து கொட்டிய மண்மேடு சாம்பல் நிறத்தில் சிறு குன்றுபோல் நின்றது. ஏறும்போது கால் புதைந்தது. மேட்டின் ஓரத்தில் ஆட்கள் ஒரு முழம் குழி தோண்டினார்கள். பெட்டி இல்லை. குழிக்குள் எதை வைப்பது என்று எல்லோரும் பார்த்தபோது, குணசுந்தரி கழுத்திலிருந்த தாலியைத் தானே கழற்றினாள். ஒரு கைக்குட்டையில் சுற்றிக் குழியில் வைத்தாள். ஏனோக் ஆராதனையை முதலிலிருந்து கடைசிவரை, ஒரு வார்த்தை விடாமல் வாசித்தான். மண்ணை எடுத்துப் போட்டுக்கொண்டே சொல்ல வேண்டிய இடம் வந்தபோது மேட்டு மண்ணையே வாரிப் போட்டுக்கொண்டு சொன்னான். அண்ணனின் பெயரோடு கோவிந்தனின் பெயரையும் சேர்த்துச் சொன்னான். பார்வதம்மா அவனைக் கும்பிட்டாள்.

குணசுந்தரி அழுதாள். தரையில் விழுந்து, மண்ணை வாரி நெஞ்சில் அடித்துக்கொண்டு, பொழுது சாயும்வரை அழுதாள். இரண்டு பெண்கள் தாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த பத்து நாள் அவள் நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள்.

பிப்ரவரியில் கல்லூரியில் ஏனோக்கை அழைத்தார்கள். ஏசுபாதம் ஐயர் ஊர் திரும்பி, கேள்விப்பட்டு, மிஷனுக்கு எழுதியிருந்தார். அவர் கேட்டதெல்லாம், சங்கம் இப்படி ஒரு அனுமதி கொடுத்ததா, கொடுத்திருந்தால் எனக்கு ஏன் தெரிவிக்கவில்லை என்பதுதான். நியாயமான கேள்வி. துரை அந்தக் கடிதத்தையும் ஏனோக் கையெழுத்திட்ட நிபந்தனைத் தாளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"நாங்கள் இதற்கு ஒப்புதல் கொடுத்ததாக நீர் சொன்னீரா?"

"நான் சொல்லவில்லை. அவர்கள் அப்படி நினைத்தார்கள். நான் மறுக்கவில்லை."

"அதற்கும் பொய்க்கும் என்ன வித்தியாசம்?"

"ஒன்றுமில்லை" என்றான் ஏனோக்.

கட்டுரைக்குக் கொடுத்த ஒப்புதலை ரத்து செய்தார்கள். அவன் பெயரைக் கல்லூரியிலிருந்து எடுத்தார்கள். பர்னபாஸ் ஐயர் ரயிலடி வரை வந்தார். வண்டி கிளம்பும்போது, "என் பையன் ஒருத்தன் கப்பலில் போய்த் திரும்பி வரவில்லை. பதினோரு வருஷம் ஆகிறது" என்று மட்டும் சொன்னார். இதை அவர் சங்கத்தில் ஏன் சொல்லவில்லை என்று ஏனோக் வழி நெடுக யோசித்தான். கோபம் வந்தது. பிறகு அதுவும் வடிந்துவிட்டது.

அவன் ஊர் வந்து சேர்வதற்கு முன்பே செய்தி வந்து சேர்ந்திருந்தது. மிஷன் எழுதியனுப்பியபடி, ஏசுபாதம் ஐயர் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அறிவித்துவிட்டார்: மண்மேட்டில் நடந்தது சபையின் அடக்க ஆராதனை அல்ல, நடத்தியவருக்கு அதற்கு அதிகாரம் இல்லை. அவர் அதைத் தலை நிமிராமல் வாசித்தார் என்று டெய்சி பிற்பாடு சொன்னாள்.

குணசுந்தரி ஏனோக்குக்குச் சோறு போட்டாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"தம்பி, அன்னைக்கு நீங்க பண்ணது செல்லாதாமே?"

"செல்லும் அண்ணி. கர்த்தருக்கு முன்னால செல்லும். அந்த வார்த்தைங்க யாரு சொன்னாலும் வார்த்தைதான்."

அவள் அவனைப் பார்த்தாள். கோபமே இல்லை அந்தப் பார்வையில்.

"நீங்க ஐயராயிட்டு இத சொன்னீங்கன்னா நான் நம்புவேன் தம்பி" என்றாள். "இப்போ எனக்கு இன்னா பண்றதுன்னு தெரியல. தாலிய வேற கழட்டிட்டேனே."

மறுநாள் காலையில் வீட்டில் அவளைக் காணவில்லை. ஏனோக் தேடிக்கொண்டு மேட்டுக்கு ஓடினான். அவள் மண்டியிட்டுக் கையால் தோண்டிக்கொண்டிருந்தாள். ஒரு மாதத்தில் மில்லிலிருந்து எத்தனையோ டிராலி மண் வந்து கொட்டிவிட்டது. மேட்டின் ஓரமே பத்து கஜம் தள்ளிப்போயிருந்தது. எந்த இடம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஏனோக் "எழுந்திருங்க அண்ணி" என்று சொல்ல வந்தான். சொல்லாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவனும் தோண்டினான். தோண்டத் தோண்ட மேலேயிருந்து மண் சரிந்து குழியை மூடியது. விரல்கள் எரிந்தன. மதியம்வரை தோண்டினார்கள். பிறகு அவளே நிறுத்தினாள்.

"போதும் தம்பி. அவரும் உள்ள போயிட்டாரு, தாலியும் உள்ள போயிடுச்சு. வாங்க போலாம்."

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. துவைக்கவும் சட்டை இல்லை. ஏனோக் சுரங்கத்து டைம் ஆபீசில் ஆள் பெயர் எழுதுகிற வேலைக்குச் சேர்ந்து, அதே வீட்டில் இருந்துகொண்டு அவளைப் பார்த்துக்கொண்டான். கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொல்லி அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் பண்ணிக்கொள்ளவில்லை. ஷிப்டு ஆட்கள் சிலர் அவனிடம் வந்து, "எங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்க ரெண்டு வார்த்த சொல்லுங்க" என்று கேட்பதுண்டு. அவன் தலையை ஆட்டிவிட்டுப் பெயர் எழுதுவான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்தைந்தில் ஊரில் கொள்ளைநோய் வந்தபோது குணசுந்தரிக்கும் கண்டது. நான்கு நாள் இருந்தாள். ஏசுபாதம் ஐயர் பயப்படாமல் வந்து, ஜெபித்து, இறுதிவரை பக்கத்தில் இருந்தார். அடக்கமும் முறைப்படி நடந்தது. பெட்டி இருந்தது, குழி இருந்தது, அதிகாரம் உள்ளவர் நின்று அந்த வார்த்தைகளைச் சொன்னார். ஏனோக் கூட்டத்தின் கடைசியில் நின்று கேட்டான்.

எல்லோரும் போனபின் அவனைக் கோயில் அறைக்குக் கூப்பிட்டு, அடக்கப் பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ஏசுபாதம் ஐயர் பதிவை எழுதி முடித்திருந்தார். பெயர், வயது, நோய், தேதி. அடுத்த கட்டத்தில், "சாம்ராஜின் மனைவி" என்று இருந்தது.

"ஐயரே, விதவை இல்லியா?" என்று ஏனோக் கேட்டான்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாம்ராஜுக்கு இந்தப் புஸ்தகத்துல அடக்கப் பதிவு இல்லியேப்பா. எந்தப் பக்கத்த காட்டி நான் விதவைன்னு எழுதறது?"

ஏனோக் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். அன்றைக்குப் பகல் ஷிப்டு முடிவதற்குள் டைம் ஆபீசுக்குத் திரும்பிப் போக வேண்டியிருந்தது.